புரோ கோல்ஃபர்களின் பயிற்சியும் நம் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரைவிங் ரேஞ்சிலும் (பந்து அடித்துப் பழகும் இடம்) கோல்ஃப் கிளப்பிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்களின் சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். 'அமெச்சூர்' என்று வரும் இடங்களில் வாரம் ஒரு ரவுண்டு ஆடி, 90-க்கும் 105-க்கும் இடையே ஸ்கோர் (18 குழிக்கு அடித்த மொத்த அடிகள்) போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'புரோ' என்றால் பிஜிஏ டூர் போன்ற சுற்றுகளில் பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவர். எல்லாம் வலக்கை ஆட்டக்காரரை வைத்து எழுதியது. இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிப் படிக்கவும்.

புரோ ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடிப்பார்? நானும் அவ்வளவு அடிச்சாதான் முன்னேற முடியுமா?

ஆளுக்கு ஆள் மாறும். போட்டி இல்லாத நாளில் உடற்பயிற்சி, புட்டிங் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்லான கிரீனில் பந்தை உருட்டுவது), சிப்பிங் (கிரீன் அருகிலிருந்து சின்னதாகத் தூக்கி அடிப்பது), ரேஞ்ச், சில குழிகள் ஆடிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஆறேழு மணி நேரம் போய்விடும். முழு ஸ்விங் பந்துகள் அதில் ஒரு பங்குதான். ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் விஜய் சிங், ரேஞ்சை விட்டுக் கிளம்ப மனம் வராதவர் என்று பேர் எடுத்தவர். 2004-இல், தன் 41-ஆம் வயதில், 9 டூர் போட்டிகளை வென்று டைகர் உட்ஸிடமிருந்து உலக முதலிடத்தைப் பறித்தார். ஆனால் அவருக்கு அதுவே வேலை. உடம்பும் அதற்கென்றே பழக்கப்பட்டது.

நீங்கள் அந்த எண்ணிக்கையைப் பிடிக்க முயலாதீர்கள். 45 நிமிடத்தில் 100 பந்தைக் காலி செய்தால் ஒரு பந்துக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த வேகத்தில் குறி பார்க்கவும் நேரமில்லை, பந்து எங்கே விழுந்தது, ஏன் அங்கே விழுந்தது என்று யோசிக்கவும் நேரமில்லை. கடைசி 30 பந்து களைத்த உடம்போடு அடிப்பது. அந்தக் களைத்த ஸ்விங்தான் மனதில் பதிகிறது, முதுகுவலியும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 50 பந்து போதும்.

ரேஞ்சுல அம்பு மாதிரி நேரா போகுது. கோர்ஸுக்குப் போனா அதே கிளப்பு வேற யாரோ அடிக்கிற மாதிரி இருக்கு. ஏன்?

ரேஞ்சில் உங்கள் 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப், அதாவது மட்டை) நன்றாகப் போவது பத்தாவது பந்துக்கு அப்புறம்தான். முந்தைய ஒன்பதில் கை தானாகத் திருத்திக்கொண்டிருக்கும். கோர்ஸில் அந்த ஒன்பது பந்து கிடையாது. டிரைவர் (நெடுந்தூர அடிக்கான கிளப்) அடித்து, நாலு நிமிடம் நடந்து, சரிவில் நின்று, ஒரே ஒரு 7 அயர்ன். அதாவது ரேஞ்சில் பழகியது ஒன்று, கோர்ஸில் கேட்கப்படுவது இன்னொன்று.

இதற்கு ஆராய்ச்சி அடிப்படையும் உண்டு. 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் கை அசைவுகளை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்த குழு பயிற்சியின்போது வேகமாகத் தேறியது. அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்த குழு பயிற்சியில் தடுமாறினாலும், பிறகு சோதித்தபோது அதுவே நன்றாக நினைவில் வைத்திருந்தது. ஒரே கணக்கைப் பத்து முறை கொடுத்தால் மூன்றாவது முறையே கணக்குப் போடுவதை விட்டு விடையை எழுதத் தொடங்கிவிடுவோம். ரேஞ்சில் நடப்பதும் அதுதான்.

புரோவும் ஒரே கிளப்பில் இருபது பந்து அடிப்பார். ஸ்விங்கில் ஏதாவது ஒன்றைச் சரிசெய்யும் நேரத்தில் மட்டும். அது முடிந்ததும் பந்துக்குப் பந்து கிளப்பையும் குறியையும் மாற்றுவார். அமெச்சூர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

சரி, அப்போ ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிக்கறது?

50 பந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 10 பந்து வெட்ஜில் (குறைந்த தூரத்துக்கான கிளப்), பாதி ஸ்விங். உடம்பு சூடாகத்தான்; பந்து எங்கே போனாலும் கவலைப்படாதீர்கள். அடுத்த 20 பந்து ஒரே ஒரு வேலைக்கு: உதாரணமாக, பந்தைத் தொட்ட பிறகே தரையைத் தொடுவது. ஒரே நேரத்தில் பிடி, தோள், இடுப்பு என்று மூன்றைப் பார்த்தால் எது பலித்தது என்றே தெரியாது.

மீதி 20 பந்தில் உங்கள் கோர்ஸை மனதில் ஆடுங்கள். ரேஞ்சில் இரண்டு கம்பங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு நடுவே 35 கெஜ அகல ஃபேர்வே (பந்து விழ வேண்டிய வெட்டிய புல்பாதை) என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழிக்கு டிரைவர். கம்பங்களுக்குள் போனால், மிச்சம் எவ்வளவு தூரம் இருக்கும் என்று கணக்கிட்டு அதற்கான அயர்ன். வெளியே போனால் அடுத்தது மரத்தடியிலிருந்து தாழ்வாக அடிக்கும் பந்து. ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று குறி பார்த்து, கோர்ஸில் செய்வதையெல்லாம் செய்யுங்கள். இருபதில் எத்தனை குறிக்குள் போனது என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரம் ஒப்பிட அந்த எண் வேண்டும்.

டிவில புரோங்க தரையில ரெண்டு கலர் குச்சி போட்டு வெச்சிருக்காங்களே, அது எதுக்கு?

குறி சரிதானா என்று பார்க்க. ஒரு குச்சி பந்துக்கு அந்தப் பக்கம், குறியை நோக்கி. இன்னொன்று கால்விரல்களுக்கு முன்னால், முதல் குச்சிக்கு இணையாக. தண்டவாளம் போல இரண்டும் ஒரே போக்கில் இருக்கும். காலும் தோளும் குறிக்கு நேராக இருக்கக்கூடாது. குறிக்குச் சற்று இடப்பக்கமாக, இணையாக இருக்க வேண்டும். பெரும்பாலான அமெச்சூர்கள் பாதங்களையே கொடிக்கு நேராக வைக்கிறார்கள். அதனால் உடம்பு வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. பிறகு பந்தைக் குறிக்குக் கொண்டுவரக் கை வெளியிலிருந்து உள்ளே வெட்டி இழுக்கிறது, ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) பிறக்கிறது. ஆறு மாதம் 'ஸ்லைஸ் வைத்தியம்' தேடுகிறவர் முதலில் குச்சி போட்டுப் பார்க்கட்டும்.

உலகத்தரத்தில் ஆடுகிறவருக்கே குறி மெல்ல மெல்ல நழுவும், அவருக்கே தெரியாமல். அதனால்தான் தினமும் குச்சி.

பாயில (மேட்ல) நல்லா அடிக்கிறேன், புல்லுல மட்டும் பந்துக்குப் பின்னாடி மண்ணு பேருதே?

பாய் பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் பட்டால் புல்லில் மண்ணில் புதைந்து பந்து பாதி தூரம்தான் போகும். பாயில் அதே கிளப் வழுக்கி முன்னால் போய்ப் பந்தைத் தூக்கிவிடும். சத்தம் கொஞ்சம் மாறும், தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீங்கள் நல்ல அடி என்று எண்ணி அதையே பழகுவீர்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அடி விழுவது தனி.

புரோ அயர்ன் அடிக்கும்போது ஸ்விங்கின் அடிமட்டப் புள்ளி பந்துக்கு மூன்று நான்கு அங்குலம் முன்னால் இருக்கும். பந்தைத் தொட்ட பிறகே டிவட் (கிளப் பெயர்த்தெடுக்கும் புல்துண்டு) தொடங்கும். புல் ரேஞ்ச் கிடைத்தால் தரையில் ஒரு கோடு போடுங்கள். பங்கர் மணலிலும் போடலாம். பந்தே வைக்காமல், கோட்டை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துப் பத்து முறை ஸ்விங் செய்யுங்கள். டிவட் எல்லாம் கோட்டிலிருந்து முன்பக்கம் தொடங்க வேண்டும். ஏழு எட்டு சரியாக வந்த பிறகு கோட்டின் மேல் பந்தை வையுங்கள். பாய் மட்டுமே கிடைக்கும் என்றால், பந்துக்கு ஒரு சாண் பின்னால் சின்னத் துண்டை மடித்துப் போடுங்கள். துண்டில் பட்டால் தவறு.

பந்து கிளப் முகத்துல எங்க பட்டுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

காலுக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் முகத்தில் லேசாக அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். டிரைவரில் பந்து நுனிப்பக்கம் பட்டால் இடப்பக்கம் வளையவும், குதிகால் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) பட்டால் வலப்பக்கம் வளையவும் பார்க்கும். ஆகவே ஸ்லைஸ் என்று நினைப்பது சிலருக்கு வெறும் குதிகால் அடி. ஸ்விங்கை மாற்றவே தேவையில்லை, அரை அங்குலம் தள்ளி நின்றால் தீரும். எந்த முடிவுக்கும் வருமுன் பத்துப் பந்தின் அடையாளத்தைப் பாருங்கள். ஒன்றை வைத்து மருத்துவம் பார்க்காதீர்கள்.

புட்டிங் கிரீன்ல மூணு பந்தைப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். புரோ என்ன வேற மாதிரி செய்யறார்?

மூன்று பந்தை ஒரே இடத்திலிருந்து ஒரே குழிக்கு உருட்டினால், முதல் பந்து வழியைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இரண்டும் அதைப் பின்பற்றும். ஆட்டத்தில் உங்களுக்கு முதல் பந்து மட்டும்தான் உண்டு. இரண்டாவது கேள்வியின் பதிலில் சொன்னதேதான். புரோ புட்டிங்கை மூன்று தனி வேலையாகப் பிரிக்கிறார்: நேராக அனுப்பும் வேலை, தூரம் பிடிக்கும் வேலை, சரிவைப் படிக்கும் வேலை.

நேராக அனுப்ப, கேட் பயிற்சி. சரிவில்லாத ஐந்தடி இடம் தேடுங்கள். புட்டர் தலை மட்டுமாய் நுழைகிற இடைவெளியில் இரண்டு டீயை (பந்தைத் தாங்கும் சின்னக் குச்சி) குத்துங்கள். நடுவே பந்து. டீயில் இடிக்காமல் அடிக்க வேண்டும். டைகர் உட்ஸ் இதை முதலில் வலக்கை மட்டும் பிடித்துச் செய்து, பிறகு இரண்டு கையோடும் செய்வார். இவ்வளவு நுணுக்கம் ஏன்? 10 அடி புட்டில் புட்டர் முகம் 1 டிகிரி திரும்பினால் பந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம் விலகிப் போகும். குழியின் அகலம் 4.25 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புவரை இரண்டு அங்குலமும் கொஞ்சமும்தான்.

தூரத்துக்கு, குழியே வேண்டாம். 10, 20, 30, 40 அடியில் டீ குத்தி, ஒரே பந்தை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உருட்டுங்கள். டீயைத் தாண்டி மூன்றடிக்குள் நின்றால் ஒரு புள்ளி; முன்னாலேயே நின்றால் பூஜ்யம். அமெச்சூருக்கு மூன்று புட் ஆவது பெரும்பாலும் திசையால் இல்லை, தூரத்தால். கடைசியாக மூன்றடி வட்டம்: குழியைச் சுற்றி எட்டுப் பந்து, எட்டும் உள்ளே போகும்வரை கிளம்பக்கூடாது, ஒன்று தவறினால் முதலிலிருந்து. ஃபில் மிக்கல்சன் இதே பயிற்சியைத் தொடர்ந்து 100 பந்து உள்ளே போகவேண்டும் என்ற கணக்கில் செய்தவர். எட்டாவது பந்தில் வரும் நடுக்கம் வேறு எந்தப் பயிற்சியிலும் வராது.

பத்தடி புட்டைத் தவறவிட்டாலே கோபம் வருது. புரோங்க எல்லாத்தையும் போட்டுடறாங்களே?

டிவியில் போட்டதை மட்டும்தான் காட்டுகிறார்கள். பிஜிஏ டூரில் 8 அடியிலிருந்து உள்ளே போவது பாதிக்குப் பாதி. 10 அடியில் நூற்றுக்கு 40. 20 அடியில் 15 அளவுதான். 90 ஸ்கோர் போடுகிறவருக்குப் பாதிக்குப் பாதி என்பது 5 அடியில். ஆகவே பத்தடியைத் தவறவிட்டதில் குற்றம் இல்லை. அடுத்த புட் மூன்றடிக்கு மேல் மிச்சமானால் அங்கேதான் பயிற்சி தேவை.

'டிரைவ் பார்க்க அழகு, புட்தான் காசு'ன்னு சொல்றாங்க. அப்போ ஷார்ட் கேம் (சிப், புட் மாதிரி கிட்டத்து அடிகள்) மட்டும் பழகினா போதுமா?

போதாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, டூரில் அடிக்கும் ஒவ்வொரு பந்தையும் அளக்கும் ஷாட்லிங்க் தரவுகளையும், ஏராளமான அமெச்சூர் ரவுண்டுகளையும் கணக்கிட்டார். அவர் உருவாக்கிய 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்' முறையை (ஒவ்வொரு அடியும் சராசரியைவிட எவ்வளவு மிச்சம் செய்தது என்று அளப்பது) 2011-இல் பிஜிஏ டூரே புட்டிங்கை அளக்க ஏற்றுக்கொண்டது. நல்ல ஆட்டக்காரருக்கும் அடுத்த நிலை ஆட்டக்காரருக்கும் உள்ள ஸ்கோர் இடைவெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் பந்துகளிலிருந்து வருகிறது என்பது அவர் கண்டது. குறிப்பாக, கிரீனை நோக்கி அடிக்கும் அயர்ன்.

அதற்காக புட்டிங்கைக் கைவிடச் சொல்லவில்லை; அதில் முன்னேற்றம் சீக்கிரம் தெரியும், செலவும் இல்லை. எங்கே இழக்கிறீர்கள் என்பதை உங்கள் ஸ்கோர் கார்டுதான் சொல்ல வேண்டும். ஐந்து ரவுண்டுக்கு நான்கே விஷயம் குறித்து வையுங்கள்: டீயிலிருந்து (குழியின் தொடக்க இடம்) தொலைந்த அல்லது அபராதம் வந்த பந்துகள், ஒரு கிரீனுக்கு அடித்த அயர்ன் விழுந்த பக்கம் (குட்டையா, நீளமா, இடமா, வலமா), சிப் செய்தும் கிரீனில் ஏறாதவை, மூன்று புட்கள். அயர்ன்கள் பெரும்பாலும் குட்டையாகவே விழுவதைப் பார்ப்பீர்கள். நன்றாகப் பட்ட ஒரே ஒரு பந்தின் தூரத்தைத் தன் தூரம் என்று நினைத்துக் கிளப் எடுப்பதால் வருவது அது. பயிற்சியே இல்லாமல் ஒரு கிளப் கூட எடுத்தால் சரியாகிவிடும்.

வெட்ஜில 60 கெஜம், 75 கெஜம்னு அளந்து போடறாங்களே. எப்படி?

மூன்று வெட்ஜ், மூன்று ஸ்விங், ஆக ஒன்பது தூரம். இடதுகை இடுப்பு உயரம், நெஞ்சு உயரம், முழுமையாக. வேகத்தைக் குறைத்து தூரத்தைக் குறைக்கக்கூடாது. பின்னால் கொண்டுபோகும் அளவை மட்டும் மாற்ற வேண்டும், தாளம் ஒன்றேதான். ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து அடித்து, மிக நல்லதும் மிக மோசமானதும் நீக்கி, நடுவில் வருவதைச் சின்ன நோட்டில் எழுதுங்கள். பந்து விழும் இடம்வரை அளக்க வேண்டும், உருண்டு நிற்கும் இடம்வரை இல்லை. பெரும்பாலான ரேஞ்ச் பந்து கடினமானது, சுழற்சி குறைவு, தூரமும் சற்றுக் குறையும். டூர் போட்டிகளின் ரேஞ்சில் அவரவர் ஆடும் பந்தையே கொடுப்பார்கள். இந்த ஒரு பயிற்சிக்காவது உங்கள் பையில் இருக்கும் பந்தை எடுத்து, ஆளில்லாத இடத்தில் அடித்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

டிராக்மேன் மாதிரி பந்தை அளக்கற மெஷின் இல்லாம இதெல்லாம் முடியுமா?

முடியும். மெஷின் தரும் எண்களில் உங்களுக்கு உடனே பயன்படுவது இரண்டு: பந்து காற்றில் போன தூரம், இடவலச் சிதறல். இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை வாடகை மணி நேரத்தில் எடுத்துக்கொண்டால் போதும். மற்ற எண்களை விளக்கப் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லையென்றால் அவை குழப்பத்தைத்தான் கூட்டும்.

யூடியூப்ல பார்த்து ஸ்விங்கை மாத்தினேன், முன்னாடி ஆடினதும் போச்சு. புரோங்களுக்கு இப்படி ஆகாதா?

ஆகும். 1997 மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற பிறகு டைகர் உட்ஸ், பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு சேர்ந்து ஸ்விங்கை மாற்றி அமைத்தார். 1998-இல் பிஜிஏ டூரில் ஒரே ஒரு வெற்றி. 1999-இல் எட்டு. உலகத்திலேயே மிகத் திறமையானவருக்கு, முழுநேரம் உழைத்தும், அவ்வளவு காலம் ஆனது. வாரம் ஒரு மணி நேரம் பழகுகிறவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பலனை எதிர்பார்த்து, கிடைக்காமல் அடுத்த வீடியோவுக்குத் தாவுகிறார். அங்கேதான் முன்னதும் போய்ப் பின்னதும் வராமல் நிற்கிறது.

ஒரே பயிற்சியாளர், ஒரே மாற்றம், குறைந்தது எட்டு வாரம். அதுவரை முழு வேகத்தில் பாதி, மெதுவாகப் பாதி. புரோக்கள் ஸ்விங் மாற்றத்தைப் பெரும்பாலும் போட்டி இல்லாத மாதங்களில்தான் வைத்துக்கொள்வார்கள். நீங்களும் கிளப் போட்டிக்கு முந்தின வாரம் எதையும் தொடாதீர்கள்.

டீ டைமுக்கு (ஆட்டம் தொடங்கற நேரம்) பத்து நிமிஷம் முன்னாடிதான் வந்து சேர முடியுது. புரோ என்ன பண்ணுவார்?

புரோ ஒரு மணி நேரத்துக்கு மேலேயே முன்னால் வந்துவிடுவார். உடம்பைத் தளர்த்தி, வெட்ஜில் தொடங்கி டிரைவர்வரை ஏறி, முதல் டீயில் எடுக்கப்போகும் கிளப்போடு முடித்து, சிப், பங்கர், கடைசியில் புட். அந்த நேரத்தில் அவர் ஸ்விங்கைத் திருத்துவதில்லை. இன்று பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து அதோடு ஆடப் போகிறார். காலையில் ஸ்லைஸ் ஆனால் ரேஞ்சிலேயே சண்டை போடுவது அமெச்சூர் பழக்கம்.

பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் ரேஞ்சை விடுங்கள். இடுப்பையும் முதுகையும் திருப்பும் அசைவுகள் மூன்று நிமிடம், பிறகு புட்டிங் கிரீனில் 30 அடி புட் ஆறேழு. இன்றைய கிரீன் வேகமா மெதுவா என்று தெரிந்தாலே இரண்டு மூன்று ஸ்ட்ரோக் மிச்சம். முதல் டீயில் டிரைவருக்குப் பதில் நம்பிக்கையான கிளப்.

போட்டிக்கு முந்தின நாள் பிராக்டிஸ் ரவுண்டுல அவங்க ஸ்கோரே போடறதில்லையாமே?

பெரும்பாலும் போடுவதில்லை. டூர் போட்டி வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். அதற்கு முந்தைய நாட்கள் கோர்ஸை அறிவதற்கு. இப்போது குழி இருக்கும் இடத்துக்குப் புட் செய்ய மாட்டார்கள். போட்டி நாட்களில் குழி வைக்க வாய்ப்புள்ள மூலைகளில் டீயையோ சின்னத் தட்டையோ போட்டு அதை நோக்கி உருட்டுவார்கள். எந்தப் பக்கம் தவறினால் சிப் சுலபம், எந்தப் பக்கம் தவறவே கூடாது என்று கேடி (பை சுமக்கும் உதவியாளர்) குறித்துக்கொள்வார்.

வெப்பமான ஊர்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பெர்முடா வகைப் புல் சாய்ந்து வளரும். புல் பளபளப்பாகத் தெரிந்தால் உங்களிடமிருந்து அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருமையாகத் தெரிந்தால் எதிர்ப்புல், மெதுவாகும். குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தரித்ததுபோல் ஒழுங்காகவும் மறுபக்கம் பிய்ந்தும் இருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் சாய்கிறது.

போட்டி அன்னிக்குக் காலையில கோர்ஸிலேயே ரெண்டு குழி ஆடிப் பார்க்கலாமா? ரவுண்டு நடுவுல புட் பழகலாமா?

ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) என்றால் போட்டி அன்று, ரவுண்டுக்கு முன் கோர்ஸில் பயிற்சி அடிக்கக்கூடாது (விதி 5.2). பயிற்சி இடங்களில் அடிக்கலாம். முதல் டீயிலோ அதன் அருகிலோ சிப்பும் புட்டும் செய்யலாம். மீறினால் முதல் குழிக்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், மறுபடி மீறினால் தகுதி நீக்கம். மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் ஆட்டம்) இந்தத் தடை இல்லை. கமிட்டி உள்ளூர் விதியால் இரண்டையும் மாற்றலாம் என்பதால் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

ரவுண்டு நடுவே, ஒரு குழி ஆடிக்கொண்டிருக்கும்போது பயிற்சி அடி கூடாது. ஒரு குழி முடிந்து அடுத்தது தொடங்குமுன், இப்போது முடித்த கிரீனிலும், பயிற்சி கிரீனிலும், அடுத்த டீயிலும் அல்லது அவற்றின் அருகிலும் சிப்போ புட்டோ செய்ய விதி 5.5 அனுமதிக்கிறது, பங்கரிலிருந்து கூடாது, ஆட்டத்தைத் தாமதப்படுத்தவும் கூடாது. முடித்த கிரீனில் பழகுவதைத் தடுக்கும் உள்ளூர் விதியைப் பல போட்டிகள் வைத்திருக்கின்றன. பந்தை அடிக்கும் எண்ணமில்லாத வெறும் ஸ்விங்குக்கு எங்கேயும் தடையில்லை. தவறவிட்ட ஐந்தடி புட்டின் ஸ்ட்ரோக்கைப் பந்தில்லாமல் நின்று ஒருமுறை சரியாகச் செய்துவிட்டு அடுத்த டீக்கு நடக்கலாம். டூரில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.